திரையில் மாநிறம்

மனித முகத்தைப் போல் மனிதன் கண்டு பழகிய பொருள் வேறொன்று இல்லை. சுவரின் நிறம் படத்தில் சற்றுப் பச்சையாகத் தோன்றினும் நாம் பொருட்படுத்துவதில்லை. வானம் உள்ளதைவிட நீலமாக இருந்தால் அழகென்றே கொள்கிறோம். முகத்தில் அதே பச்சை ஒரு சிறிது ஏறிவிட்டாலோ, 'இவருக்கு உடம்புக்கு என்ன?' என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகவேதான் திரைப்படத்திற்கு நிறம் அமைப்போர் முதலில் முகத்தைப் பார்க்கின்றனர். முகம் சரியாக அமைந்தால் ஏனையவற்றில் சிறு பிழைகள் இருப்பினும் கண் மன்னித்துவிடும்.

படப்பிடிப்பில் பதிவான காட்சிகளை அப்படியே திரையில் காட்டுவதில்லை. இருவர் பேசும் ஒரே காட்சியில் ஒருவரைக் காலையிலும் மற்றவரை மாலையிலும் எடுத்திருப்பார்கள். ஒரு கோணத்தில் வெயில் இருக்கும். மறுகோணத்தில் மேகம் மூடியிருக்கும். இவை யாவும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்று நாம் நம்பும்படி ஒளியையும் நிறத்தையும் ஒழுங்கு செய்யும் வேலையைத் திரைத்துறையினர் 'கிரேடிங்' என்பர். வண்ணச் சீராக்கம் என்று நாம் வழங்கலாம். இவ்வேலையில் தலையாய சிக்கல்கள் இரண்டு. மேனி நிறம் இயற்கையாக நிற்க வேண்டும் என்பது ஒன்று. நெற்றி, மூக்கு நுனி, கன்ன மேடு, வெள்ளாடை முதலிய ஒளி மிக்க இடங்கள் வெளுத்து அழிந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'ஹைலைட்' என்று அவர்கள் குறிப்பது இவ்வொளித் திட்டுகளையே. கறுத்த மேனியரைப் படமெடுக்கும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நம்மவர் இதனை அறிந்திருக்க வேண்டியதும் அதனால்தான்.

மேனிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

தோலின் மேற்படையில் மெலனின் என்னும் பொருள் உண்டு. அது நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் விழுங்கும். அதன் கீழ்ப் படையில் ஓடும் குருதியில் ஹீமோகுளோபின் உண்டு. அது பச்சை ஒளியை, குறிப்பாக 540 முதல் 580 நானோமீட்டர் வரையுள்ள அலைகளை, விழுங்கும். எனவே எந்த மனிதரின் மேனியிலிருந்தும் திரும்பி வரும் ஒளியில் சிவப்பு மிகுந்தும், பச்சை அதற்குக் குறைந்தும், நீலம் எல்லாவற்றிலும் குறைந்தும் இருக்கும். ஆங்கிலேயராயினும் சீனராயினும் தமிழராயினும் ஆப்பிரிக்கராயினும் இவ்வரிசை மாறுவதில்லை. பெரிதும் மாறுவது திரும்பி வரும் ஒளியின் அளவேயாகும்.

இதனைக் கண்ணால் காட்டும் கருவி ஒன்று உண்டு. 'வெக்டர்ஸ்கோப்' என்பது அதன் பெயர். வட்டமான திரை, நடுப்புள்ளி நிறமின்மையைக் குறிக்கும். எந்தத் திசையில் புள்ளிகள் விலகுகின்றனவோ அது நிறத்தின் வகை; எவ்வளவு தொலைவு விலகுகின்றனவோ அது நிறத்தின் செறிவு. பல இனத்தவரின் முகங்களை இதில் இட்டுப் பார்த்தால், எல்லாம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரே கோட்டை ஒட்டிக் குவிவதைக் காணலாம். அக்கோட்டைச் சீராக்குவோர் மேனிக்கோடு என்றே அழைக்கின்றனர். ஆனால் அது மேனிக்காகப் போடப்பட்ட கோடு அன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த முறையில், செம்மஞ்சளுக்கும் பசுநீலத்துக்கும் இடையே ஓர் அச்சு அமைத்தனர். அத்திசையிலுள்ள நிற வேறுபாடுகளை மனிதக் கண் நுட்பமாக உணர்வதால் அதற்கு அலைவரிசையில் கூடுதல் இடம் அளித்தனர். மனித மேனியும் ஏறத்தாழ அதே திசையில் விழுந்ததால், அந்தக் கோடு இன்றுவரை மேனிக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது.

இங்கே நம் பேச்சு வழக்கையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். பெண் பார்க்கச் சென்று வந்தவர் 'பெண் நல்ல சிவப்பு' என்கிறார். அல்லது 'கொஞ்சம் கறுப்பு' என்று குரலைத் தாழ்த்துகிறார். கருவி இவ்விருவரையும் ஒரே கோட்டில் வைக்கிறது. சங்கப் புலவர்களோ தலைவியின் மேனி எழிலை மாமை என்றனர். மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரைகாரர் விளக்கம் தருவர். துளிர்விட்ட மாவிலையை இன்றைய காமிராவில் பிடித்து அக்கருவியில் இட்டால், செம்மையும் மஞ்சளும் கலந்த அதே பக்கத்தில்தான் அது விழும். தலைவனைப் பிரிந்தவளின் மாமை கெட்டு மேனியில் படரும் வெளிறிய நிறத்தைப் பசலை என்றனர். படச் சீராக்கத்தில் கைதவறிப் பச்சையும் மஞ்சளும் ஏறிய முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இல்லை என்பது என் எண்ணம்.

வெள்ளைச் சட்டையும் கறுத்த முகமும்

நிறத்தின் திசை எல்லார்க்கும் ஒன்றெனின், சிக்கல் எங்கே? ஒளியின் அளவில்தான். நம் தோட்டப் பள்ளிகளில் ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்புப் படத்தைப் பாருங்கள். முப்பது பிள்ளைகள்; முப்பது வெள்ளைச் சட்டைகள்; நல்ல வெயில். படம் வந்ததும் சட்டைகள் கண்ணைப் பறிக்கின்றன. கறுத்த பிள்ளைகளின் முகத்திலோ விழியும் பல்லும் மட்டுமே தெரிகின்றன. 'நீ கறுப்பு, அதனால்தான் தெரியவில்லை' என்று பக்கத்திலிருப்பவன் சொல்ல, அந்தப் பிள்ளை படத்தை வீட்டில் காட்டாமலே மறைத்து வைத்துவிடுவதை ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பார்கள்.

இது பிள்ளையின் குறை அன்று, கணக்கின் குறை. காமிராவிலுள்ள ஒளியளவி, தன் எதிரே உள்ள காட்சி சராசரியாக நூற்றுக்குப் 18 பங்கு ஒளியைத் திருப்பித் தரும் நடுச்சாம்பல் நிறம் என்று கொண்டே வேலை செய்கிறது. வெள்ளைத் துணி நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பித் தரும். அது நிறைய இருப்பதைக் கண்ட அளவி, 'ஒளி மிகுதி' என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. வெளுத்த மேனி ஏறத்தாழ 35 பங்கு ஒளியைத் தரும் என்பது ஒளிப்பதிவாளர் கணக்கு. அத்தகைய முகம் சற்று இருண்டாலும் பிழைத்துக்கொள்ளும். நல்ல கறுத்த மேனி 10 பங்கே தருவதாகக் கொண்டால், சட்டைக்கும் முகத்துக்கும் எட்டு மடங்கு வேறுபாடு ஆகிறது. இருட்டாக்கப்பட்ட படத்தில் அம்முகம் நிழலின் அடியிலே போய்த் தங்குகிறது.

அப்படியானால் ஒளியைக் கூட்டி எடுத்தால் போகிறது என்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சிக்கல் காத்திருக்கிறது. மின்னணுக் காமிராவின் உணர்பலகையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கிண்ணங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கிண்ணமும் 255 பங்கு ஒளி கொள்ளும். ஒரு கன்னத்திலிருந்து சிவப்பு 100, பச்சை 70, நீலம் 50 வருகின்றன. ஒளியை இருமடங்காக்கினால் 200, 140, 100. விகிதம் மாறவில்லை, நிறமும் மாறவில்லை. மீண்டும் இருமடங்காக்கினால் 400, 280, 200 ஆக வேண்டும். கிண்ணமோ 255க்கு மேல் கொள்ளாது. எஞ்சியது வழிந்தோட, 255, 255, 200 நிற்கும். சிவப்பும் பச்சையும் சமமாகிவிட்டன. செம்மை போய், வெளிர் மஞ்சள் வந்துவிட்டது. நெற்றியில் மெழுகு பூசினாற்போல் தோன்றும் மஞ்சள் திட்டு இப்படித்தான் பிறக்கிறது. இன்னும் ஒளி கூடினால் மூன்று கிண்ணங்களும் நிரம்பி வெறும் வெள்ளையாகும். வழிந்தோடியதை எந்தச் சீராக்கத்தாலும் திரும்பக் கொண்டுவர இயலாது.

பழைய பிலிம் சுருள் இவ்வகையில் இரக்கமுள்ளது. ஒளி மிகும்போது அது பட்டென்று நிரம்பாமல், மேலே செல்லச் செல்லக் குறைவாகவே ஏற்றுக்கொள்ளும். அதன் வரைபடம் உச்சியில் தோள்போல் மெல்ல வளையும். ஆகவே ஒளித் திட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்காமல், படிப்படியாகக் கரைகிறது. இன்று மின்னணுப் படங்களைச் சீராக்குவோர் உச்சியில் இத்தகைய வளைவையே செயற்கையாக அமைத்து, அவ்விடத்தில் நிறச் செறிவையும் கொஞ்சம் தணிக்கின்றனர்.

ஒளித் திட்டு என்பது முழுக்க முழுக்கப் பகையுமன்று. தோலுக்குள் புகுந்து திரும்பும் ஒளியே மேனி நிறத்தைத் தருகிறது. தோலின்மேல் உள்ள எண்ணெய்ப் பசையில் பட்டு நேரே தெறிக்கும் ஒளியோ விளக்கின் நிறத்தையே காட்டும். கறுத்த மேனியில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவாதலால், இத்தெறிப்பே முகத்தின் மேடு பள்ளங்களை நமக்குச் சொல்கிறது. அதை அடியோடு அழித்தால் முகம் தட்டையான பலகையாகிவிடும். அதை வைத்துக்கொண்டே முகம் முழுவதையும் வெளுக்க முயன்றால், நிழல்கள் சாம்பல் பூத்து, திட்டுகள் சுண்ணாம்பாகும். முகத்தை 'வெள்ளையாக்கி'க் காட்டும் ஆசையால் கெட்ட படங்கள் நம்மிடையே கொஞ்சமல்ல.

ஷெர்லி என்னும் அளவுகோல்

பிலிம் இரக்கமுள்ளது என்றேன். ஆனால் எல்லாரிடத்தும் ஒரேபோல் அல்ல. 1950களில் கோடாக் நிறுவனம் தன் வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் நிலையங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். முதலில் அவ்வாறு நின்ற கோடாக் ஊழியர் ஒருவரின் பெயரால், பின்னர் வந்த பெண்களின் அட்டைகளுக்கும் 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் நிலைத்தது. அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது விதி. திரைப்படக் கூடங்களிலும் சுருளின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் முகமும் வண்ணப் பட்டைகளும் கொண்ட சில சட்டங்களை ஒட்டி, அவற்றைப் பார்த்தே அச்சின் நிறத்தைச் சரிபார்த்தனர். அப்பெண்களும் பெரும்பாலும் வெள்ளையரே. கறுத்த மேனியின் பழுப்பு நிறத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அக்காலத்துப் பிலிம் சரிவரப் பிரித்துக் காட்டவில்லை. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் அருகருகே நின்றால், ஒன்று தெளிவாகவும் மற்றொன்று நிழலாகவும் வந்தது.

கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கோடாக்கில் பணியாற்றியவர்களின் வாய்மொழியைத் திரட்டித் தந்திருக்கிறார். பிலிமைத் திருத்தத் தூண்டியவர்களுள் மரத் தளவாட வணிகரும் சாக்லெட் செய்வோரும் இருந்தனராம்! மர வகைகளின் வேறுபாடு படத்தில் சரியாகத் தெரிவதில்லை, பால் கலந்த சாக்லெட்டும் கலவாததும் வேறுபடவில்லை என்பது அவர்களின் முறையீடு. மரத்துக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த செவி மனித முகத்துக்கு அத்தனை எளிதில் கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது மனம் நோகிறது. வெள்ளையர், ஆசியர், கறுப்பர் ஆகிய மூவகைப் பெண்களும் ஒருங்கே நிற்கும் அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வெளிவந்தபோது, அதற்கு வேண்டிய கேவாகலர் பிலிம் பெல்ஜியத்திலிருந்து வந்தது. நம் முகத்தைப் பதியும் பொருளை நாம் செய்யவில்லை. வந்ததைக் கொண்டு நம் ஒளிப்பதிவாளர்கள் சமாளித்தார்கள்.

அக்காலத்தில் சீராக்கத்திற்கு இருந்த வசதியும் குறைவே. அச்சிடும் இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை படிகள்; 25 நடுநிலை. எதை மாற்றினாலும் சட்டம் முழுவதும் மாறும். சட்டையை விட்டு முகத்தை மட்டும் தொட வழியில்லை. ஆகவே திறமையுள்ளோர் படப்பிடிப்பிலேயே வேலையை முடிக்கப் பார்த்தனர். 1967இல் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆஃப் த நைட்' என்னும் அமெரிக்கப் படத்தில், சிட்னி பாய்ட்டியர் என்னும் கறுப்பு நடிகரை ஒளிப்பதிவு செய்த ஹாஸ்கெல் வெக்ஸ்லர், வழக்கமான கடும் விளக்குகள் கறுத்த முகத்தில் கூசும் திட்டுகளை உண்டாக்கி அங்க அமைப்பை மறைப்பதை உணர்ந்து, ஒளியைத் தணித்து அமைத்தார். கறுப்பு முகத்துக்கு ஒளி அதிகம் வேண்டும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர்மாறானது அல்லவா?

2000ஆம் ஆண்டில் ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படம் முழுவதும் கணினியில் ஏற்றிச் சீராக்கப்பட்டது. மிசிசிப்பியின் பசுமையான கோடையை உலர்ந்த பொன்னிறமாக மாற்ற விரும்பினர், வேதியியல் முறைகள் கைகொடுக்கவில்லை, கணினி கொடுத்தது. இலையின் பச்சையை மட்டும் பிடித்து மாற்றலாம் என்றால், முகத்தையும் தனியே பிடிக்கலாம் அல்லவா! அதன்பின் கலை வேறு வழியில் நடந்தது.

இவ்வழியில் நான் மிக மதிப்பது 2016இல் வந்த 'மூன்லைட்' படத்தை. மயாமி நகரின் கறுப்பர் குடியிருப்பில் நடக்கும் கதை. இயக்குநர் பேரி ஜென்கின்ஸ்; ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன்; வண்ணம் சீராக்கியவர் அலெக்ஸ் பிக்கல். திரைத்துறையின் பழைய பழக்கம் முகப்பூச்சுத் தூள் போட்டுப் பளபளப்பை அடக்குவது. இவர்களோ தூளை ஒதுக்கி, எண்ணெய்ப் பசையைக் கொண்டு மேனியை மினுக்கினர். மயாமியின் வெம்மையில் வியர்த்த முகம் அப்படித்தான் இருக்கும். படம் மின்னணுக் காமிராவில் எடுக்கப்பட்டது. ஆயினும் கதையின் மூன்று பகுதிகளுக்கும் ஃபூஜி, ஆக்ஃபா, கோடாக் என்னும் மூவகைப் பிலிம்களின் சாயலைச் சீராக்கத்தில் கொடுத்தனர். இரண்டாம் பகுதியில் ஒளித் திட்டுகளில் பசுநீலம் இழையோடும். திட்டில் நீலம் ஏறியும் முகம் செம்மை மாறாமல் நிற்பதைப் பார்க்கலாம்; தெறிப்பு விளக்கின் நிறம், மேனி தன் நிறம் என்று மேலே சொன்னது அங்கே கண்கூடாகிறது. கறுப்பு நடிகர் ஒருவரையும் அவர்கள் வெளுக்கவில்லை.

நம் கையில் உள்ள கருவிகள்

முன்பு இலட்சக்கணக்கான டாலர் விலைபெற்ற 'டாவின்சி ரிசால்வ்' என்னும் சீராக்க மென்பொருள், 2009இல் கைமாறிய பிறகு இலவசப் பதிப்பாகவும் கிடைக்கிறது. பள்ளி விளையாட்டு நாளையும் பரிசளிப்பு விழாவையும் படமெடுத்துத் தொகுக்கும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்குச் சில சொற்கள்.

எடுக்கும்போதே சட்டையின் மடிப்பு தெரியுமளவுக்கு ஒளியை வைத்துக்கொள்க. மடிப்பு அழிந்தால் மீட்சியில்லை. முகம் சற்று இருண்டிருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முகத்தின் ஒளி 70 விழுக்காட்டை எட்டும்போது காமிராத் திரையில் வரிக்கோடுகள் தோன்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது வெளுத்த முகத்திற்கான கணக்கு. நம் பிள்ளைகளின் முகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் சட்டையோடு வானமும் போய்விடும்.

சீராக்கும்போது முதலில் வெண்மையைச் சரிசெய்க. அதற்குச் சட்டையை நம்புவது கூடாது. நம் தாய்மார்கள் துணிக்கு நீலம் போடுவார்கள். இக்காலத்துச் சலவைத் தூளிலும் வெயிலில் நீலமாக ஒளிரும் பொருள் கலந்திருக்கும். அந்தச் சட்டையை வெள்ளையென்று கணினிக்குக் காட்டினால், அது நீலத்தைக் குறைப்பதாக எண்ணி முகத்தை மஞ்சளாக்கிவிடும். சாம்பல் நிற அட்டை ஒன்றைத் தொடக்கத்தில் பிடித்து எடுத்துக்கொள்வதே நன்று. அடுத்து, தலைமுடியின் கருமையைக் கீழே நிறுத்தி, சட்டையின் வெண்மையை உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்துக. இவ்விரண்டையும் அசைக்காமல் நடுவொளியை மட்டும் உயர்த்தினால் முகம் எழுந்து வரும். அது போதாதாயின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, விளிம்பை நன்கு மென்மையாக்கி, அதனுள் மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். விளிம்பு தெரிந்தால் விளக்குத் தூக்கிக்கொண்டு நடப்பவர்போல் தோன்றும்.

நடுவொளியை உயர்த்தும்போது நிறச் செறிவு குறைந்து முகம் சாம்பலாகும். கொஞ்சம் செறிவைத் திருப்பிக் கொடுத்து, கன்னப் பகுதியை மட்டும் வெக்டர்ஸ்கோப்பில் இட்டு, மேனிக்கோட்டைப் பாருங்கள். ரப்பர் மரத்தடியில் எடுத்த படமானால் இலைகளின் ஊடே வந்த ஒளி முகத்தைப் பச்சைப் பக்கம் சாய்த்திருக்கும். மண்டபத்துக் குழல் விளக்கும் அப்படியே. அதிலுள்ள பாதரசம் 546 நானோமீட்டரில் பச்சை ஒளியை மிகுதியாக உமிழ்கிறது. நடுவொளியில் சிறிது ஊதாச் சிவப்பைச் சேர்த்தால் கன்னம் கோட்டுக்குத் திரும்பும். கோட்டின்மேல் மிகச் சரியாக உட்கார்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. மாலை வெயிலில் நிற்பவர் முகம் மஞ்சளாக இருப்பதுதான் இயற்கை. அதைக் கோட்டுக்கு இழுத்தால் மாலைப் பொழுது மறைந்துவிடும்.

மேனி நிறத்தை மட்டும் தானே தேர்ந்தெடுக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. தோட்டத்தில் அதனைக் கவனமாகக் கையாள வேண்டும். நம் செம்மண் சாலையும் மர விசுப்பலகையும் மேனிக்கோட்டுக்கு மிக அருகிலேயே விழுபவை. முகத்தைத் திருத்தப் போய்ச் சாலையும் சேர்ந்து சிவந்து நிற்கும்.

வேலை செய்யும் அறையின் சுவர் நிறமற்ற சாம்பலாக இருத்தல் நலம். வண்ணச் சுவரும் சன்னல் வெளிச்சமும் கண்ணை ஏமாற்றும். அதைவிட ஏமாற்றுவது கண்ணே. பச்சை ஏறிய முகத்தைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்தால் அது சரியான நிறமாகவே தோன்றத் தொடங்கும். அவ்வேளையில் எழுந்து வெளியே போய், மரநிழலில் விளையாடும் பிள்ளைகளின் முகங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தால், திரையில் எது மிகுந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.